பழைய கன்சோல் ஸ்டோர்: திறந்தே வைக்கணுமா, பாதி மூடணுமா, முழுசா மூடணுமா?

கேம் ஆடுற மெஷின்தான் கன்சோல், அந்த மெஷினுக்கு கேம் விக்கற ஆன்லைன் கடைதான் ஸ்டோர். "பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) ஸ்டோர்ல இன்னும் யாருங்க வாங்குறாங்க, அதை எதுக்கு சோனி இழுத்துட்டு இருக்கு"ன்னு ஒரு பக்கம் கேக்குறாங்க. "காசு குடுத்து வாங்கின கேம் நாளைக்கு இருக்குமா, மூடுறதுக்குள்ள மிச்சத்தையும் வாங்கிடணுமா"ன்னு இன்னொரு பக்கம் கேக்குறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான், டிமாண்ட்னு எதைச் சொல்றோம்ங்கறதுல இருக்கு அது. நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் மூணு பேரும் இதுவரைக்கும் இந்த விஷயத்துல நாலு விதமா முடிவெடுத்திருக்காங்க, அந்த நாலையும் பக்கத்து பக்கத்துல வச்சுப் பாப்போம்.

என் முடிவை முன்னாடியே சொல்லிடறேன். விக்கிற கவுண்டரை டிமாண்ட் பாத்து மூடலாம், அதுல தப்பில்ல. ஆனா ஏற்கனவே காசு குடுத்தவங்களோட டவுன்லோடையும் பேட்சையும் (கேம்ல இருக்கற கோளாறை சரி பண்ற அப்டேட்) டிமாண்ட் கணக்குக்குள்ள கொண்டு வரவே கூடாது. ஷட்டரை இறக்குறது வேற, குடோனை காலி பண்றது வேற. "ஸ்டோரை மூடுறோம்"னு ஒரே வரில ரெண்டையும் சேர்த்து சொல்றதாலதான் ஒவ்வொரு தடவையும் இவ்ளோ கோபம் வருது.

## எதை வச்சு எடை போடுறது

முதல் அளவுகோல் டிமாண்ட். அதுலயே மூணு வகை இருக்கு. புதுசா கேம் வாங்குறவங்க ஒரு வகை. முன்னாடி வாங்கினதை ஹார்ட் டிஸ்க் மாத்தினதாலயோ மெஷின் மாத்தினதாலயோ திரும்ப இறக்குறவங்க ரெண்டாவது வகை. கடைல கார்ட்ரிட்ஜோ டிஸ்க்கோ வாங்கிட்டு அதுக்கு பேட்ச், டிஎல்சி (கேமுக்கு மேல தனியா இறக்கிக்கற கூடுதல் பகுதி) தேடி வர்றவங்க மூணாவது வகை, இவங்களைத்தான் யாரும் கணக்குல எடுக்கறதே இல்ல.

இந்த மூணாவது வகைக்கு ஒரு உதாரணம். நின்டெண்டோவோட கைல வச்சு ஆடுற மெஷின் 3டிஎஸ்ல ஃபயர் எம்ப்ளம் ஃபேட்ஸ்னு ஒரு கேம். பர்த்ரைட், கான்குவெஸ்ட்னு ரெண்டு கார்ட்ரிட்ஜா வித்தாங்க, கதையோட மூணாவது பாதை ரெவலேஷன். அது தனி கார்ட்ரிட்ஜா வரல, நின்டெண்டோ ஸ்டோரான ஈஷாப்ல டிஎல்சியாதான் வாங்கணும், இல்லன்னா கொஞ்சமா அடிச்ச ஸ்பெஷல் எடிஷன் கைல இருக்கணும். 2023 மார்ச்ல ஈஷாப் மூடினதுக்கு அப்புறம் ஒருத்தர் செகண்ட் ஹேண்ட்ல பர்த்ரைட் கார்ட்ரிட்ஜ் வாங்கினா, கதையோட மூணுல ஒரு பங்கு அவருக்கு காசு குடுத்தாலும் கிடைக்காது. அந்த ஆள் "டிஜிட்டல் கஸ்டமர்"னு எந்த கணக்குலயும் வரமாட்டார், ஆனா ஸ்டோர் மூடினதுல நேரடியா அடி வாங்கினது அவருதான்.

ரெண்டாவது அளவுகோல் செலவு, அதுவும் சர்வர் செலவு மட்டும் இல்ல, பேமென்ட், செக்யூரிட்டி, கஸ்டமர் கேர், டெவலப்பர்களுக்கு பங்கு பிரிச்சு குடுக்குற கணக்கு வேலை எல்லாம் சேர்த்து. மூணாவது, அதே கேம் வேற எங்கயாவது கிடைக்குதா. நாலாவது, அந்த ஸ்டோரை நம்பி இருக்கற சின்ன டெவலப்பர்கள். அஞ்சாவது, ஏற்கனவே காசு வாங்கிட்டு குடுத்த வாக்கு. என்னைப் பொறுத்தவரைக்கும் மூணாவதும் அஞ்சாவதும்தான் கனமானது, ஆனா கம்பெனிங்க பேசுறது முதல் ரெண்டு மட்டும்தான்.

## "யாரும் யூஸ் பண்றதில்ல"ங்கற நம்பர் எங்கேந்து வருது

2017ல சோனி பிளேஸ்டேஷனோட பெரிய அதிகாரி ஜிம் ரயன் டைம் பத்திரிகைகிட்ட சொன்னது ரொம்ப பேருக்கு ஞாபகம் இருக்கும்: பழைய கேம் ஓடணும்னு நிறைய பேர் கேக்குறாங்க, ஆனா குடுத்தா யாரும் பெருசா யூஸ் பண்றதில்லன்னு. அது சும்மா வாய்ச்சொல் இல்ல. அதே வருஷம் ஆர்ஸ் டெக்னிக்காங்கற டெக் நியூஸ் சைட், மைக்ரோசாஃப்டோட எக்ஸ்பாக்ஸ் ஒன் மெஷினோட பயன்பாட்டு டேட்டாவை அலசினப்போ, அதுக்கு முந்தின மெஷினான எக்ஸ்பாக்ஸ் 360ஓட கேம்களுக்குப் போன நேரம் மொத்தத்துல 1.5% தான்னு வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் பதிலுக்கு, எக்ஸ்பாக்ஸ் ஒன் வச்சிருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேர் ஒரு பழைய கேமாவது ஆடியிருக்காங்கன்னு சொன்னாங்க. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும், அதுதான் இங்க கவனிக்க வேண்டியது: நிறைய பேர் எப்பவாவது ஒரு தடவை வந்து எட்டிப் பாக்குறாங்க, தினமும் உக்காந்து ஆடுறவங்க கொஞ்சம் பேர். நேரத்தை வச்சு அளந்தா டிமாண்ட் இல்லன்னு தெரியும், தலையை எண்ணினா டிமாண்ட் இருக்குன்னு தெரியும்.

அடுத்தது, அந்த கொஞ்ச விற்பனையே எப்படி கொஞ்சமாச்சுன்னு பாக்கணும். இன்னைக்கு பிஎஸ்3ல ஒரு கேம் வாங்க என்னென்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன். முதல்ல லாகின். அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தா பிஎஸ்3க்கு அந்த கோட் கேக்கவே தெரியாது, அதனால வழக்கமான பாஸ்வேர்ட் போட்டா "தப்பு"ன்னு திருப்பி அனுப்பும், நீங்க போன்லயோ கம்ப்யூட்டர்லயோ அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய் டிவைஸ் செட்டப் பாஸ்வேர்ட்னு தனியா ஒண்ணு எடுத்து அதை கன்ட்ரோலர்ல ஒவ்வொரு எழுத்தா அடிக்கணும். அப்புறம் காசு. 2021 அக்டோபர்லேந்து பிஎஸ்3, வீட்டா (சோனியோட கைல வச்சு ஆடுற மெஷின்) ஸ்டோர்ல கார்டும் போடமுடியாது, பேபாலும் இல்ல, வேற எங்கேந்தாவது வாலட்ல காசு ஏத்திட்டு வரணும், இல்லன்னா கிஃப்ட் கார்ட் கோட் போடணும். போன்ல கேமைத் தேடிப் பாத்து வாங்கிடலாம்னா அதுவும் முடியாது, 2020 அக்டோபர்லயே வெப் ஸ்டோர்லேந்தும் மொபைல் ஆப்லேந்தும் பிஎஸ்3, பிஎஸ்பி (வீட்டாவுக்கு முந்தின மெஷின்), வீட்டா கேமை எல்லாம் எடுத்துட்டாங்க. ஸ்டோர் லோடாகுற வரைக்கும் காத்திருந்து, தேடி, வாங்கி, டவுன்லோட் பண்ணி, அதுக்கப்புறம் இன்ஸ்டால் தனியா குடுத்து, அப்பதான் கேம் ஓடும். இவ்ளோத்தையும் தாண்டி ஒருத்தர் வாங்குறார்னா அவர் ஒருத்தரை பத்து பேரா எண்ணணும்னு நான் நினைக்கறேன். வாசலை இத்தனை குறுக்கிட்டு உள்ள வர்றவங்க கம்மின்னு சொல்றது டிமாண்ட் அளவே இல்ல.

டிமாண்ட் மறைஞ்சு போறதும் இல்ல, இடம் மாறிடுது. பி.டி.னு கொனாமி 2014ல விட்ட இலவச ஹாரர் டெமோ, 2015 ஏப்ரல்ல ஸ்டோர்லேந்து தூக்கினாங்க, திரும்ப இறக்கறதையும் நிறுத்தினாங்க, உடனே அந்த டெமோ உள்ள இருக்கற பிஎஸ்4 மெஷினையே ஈபேல கூடுதல் விலைக்கு விக்க ஆரம்பிச்சாங்க. சுய்கோடென் 2ங்கற பழைய கேமோட பிஎஸ்1 டிஸ்க் நூறு டாலருக்கு மேல போய்ட்டு இருந்த காலத்துல, 2014 டிசம்பர்ல அதே கேம் பிஎஸ் ஸ்டோர்ல 10 டாலருக்கு வந்துச்சு. ஸ்டோர் இருந்தா அந்த காசு பப்ளிஷருக்குப் போகும், இல்லன்னா பழைய டிஸ்க் பதுக்கி வச்சவருக்குப் போகும், அதுவும் முடியாதவங்க பைரசிக்குப் போவாங்க. மூடுறப்போ "சேமிக்கற செலவு" எவ்ளோன்னு கணக்கு போடுறவங்க, இந்தப் பக்கம் போற காசையும் எழுதணும்.

## வழி 1: முழுசா திறந்தே வைக்கிறது

கார்ட் போடலாம், தேடலாம், புது கேம் கூட ரிலீஸ் பண்ணலாம், எல்லாமே முன்ன மாதிரியே. வாங்குறவங்களுக்கு இதைவிட நல்லது இல்ல, சின்ன டெவலப்பர்களுக்கும்தான். 2021 மார்ச் கடைசில சோனி பிஎஸ்3, பிஎஸ்பி, வீட்டா மூணு ஸ்டோரையும் மூடப்போறோம்னு சொன்னப்போ வீட்டாவுக்கு இன்னும் கேம் பண்ணிட்டு இருந்த சின்ன டீம்களும் இருந்தாங்க, பெரிய பப்ளிஷர்கள் எப்பவோ கிளம்பிட்ட அந்த மெஷின்ல இவங்களுக்கு விசுவாசமான ஒரு கூட்டம் இருந்துச்சு.

செலவு எங்க இருக்குன்னு பாத்தா, நிறைய பேர் நினைக்கற மாதிரி ஸ்டோரேஜ்ல இல்ல. 2023ல ஒரு அமெரிக்க யூட்யூபர் வீ யூ (நின்டெண்டோவோட டிவி கன்சோல்), 3டிஎஸ் ரெண்டு ஈஷாப்லயும் இருந்த எல்லாத்தையும் காசு குடுத்து வாங்கி முடிச்சார், 866 வீ யூ கேம், 1,547 3டிஎஸ் கேம், கிட்டத்தட்ட 22,800 டாலர். எல்லாம் சேர்ந்து ஒன்றரை டிபி அளவுதான் வந்துச்சு. ரெண்டு கன்சோலோட மொத்த அமெரிக்க ஸ்டோரும் ஒரு சாதாரண 2 டிபி ஹார்ட் டிஸ்க்ல அடங்கிடும். ஃபைலை வச்சிருக்க எங்ககிட்ட காசில்லன்னு எந்த கம்பெனியும் சொல்ல முடியாது.

உண்மையான செலவு பேமென்ட்தான். கார்ட் நம்பர் கையாளுற எல்லாரும் பழைய டிஎல்எஸ் என்க்ரிப்ஷனை (நெட்ல போற தகவலைப் பூட்டி அனுப்பற முறை) 2018 ஜூன் 30க்குள்ள விட்டுடணும்னு கார்ட் கம்பெனிகளோட பாதுகாப்பு விதி சொல்லிடுச்சு. 2006ல வந்த பிஎஸ்3க்கும் 2011ல வந்த 3டிஎஸ்க்கும் இதுக்கு ஏத்த மாதிரி சாஃப்ட்வேரை மாத்தணும், டெஸ்ட் பண்ணணும், ஒவ்வொரு நாட்டோட விதிக்கும் ஏத்த மாதிரி பாத்துக்கணும். நம்ம ஊர்ல ஆன்லைன் கார்ட் பேமென்ட்னா பொதுவா ஓடிபி மாதிரி இன்னொரு சரிபார்ப்பு இல்லாம நடக்காது, அந்த பேஜை ஒரு பழைய கன்சோல் பிரவுசர்ல ஒழுங்கா ஓட வைக்கறது தனி வேலை. அந்த மெஷினோட உள்கட்டமைப்பு தெரிஞ்ச இன்ஜினியர்கள் ஒவ்வொருத்தரா கிளம்பிட்டே இருப்பாங்க, மிச்சம் இருக்கறவங்களை புது மெஷின் வேலைலேந்து இழுத்துட்டு வரணும். சோனி அப்போ சொன்ன காரணத்துலயும் இந்த ரெண்டும் இருந்துச்சு, பழைய மெஷின்ல வணிகத்தை தாங்கிப் பிடிக்கற சிரமம், புது மெஷின்ல கவனம். அதை நான் சாக்குன்னு சொல்லமாட்டேன்.

செக்யூரிட்டி இன்னொண்ணு. 2014ல 3டிஎஸ்ல க்யூபிக் நிஞ்ஜான்னு யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு கேம்ல இருந்த ஓட்டையை வச்சு ஹோம்ப்ரூ (கம்பெனி அனுமதி இல்லாம வெளியாளுங்க எழுதற சாஃப்ட்வேர்) ஓட்ட முடியும்னு தெரிஞ்சதும் அந்த கேம் விலை எகிறிச்சு, நின்டெண்டோ ஜப்பான் ஈஷாப்லேந்து அதைத் தூக்கிட்டாங்க. ஸ்டோர் திறந்திருக்கற வரைக்கும் ஒவ்வொரு பழைய கேமையும் இப்படி கண்காணிச்சுட்டே இருக்கணும்.

இது சரியான வழி எப்போன்னா, மெஷின் விக்கறதை நிறுத்தி சில வருஷம்தான் ஆகியிருக்கு, கேம்கள் வேற எங்கயும் போகல, அல்லது அடுத்த மெஷினும் இதே ஸ்டோரைத்தான் யூஸ் பண்ணுது. பிஎஸ்4ம் பிஎஸ்5ம் ஒரே ஸ்டோர், ஸ்விட்ச்சும் 2025ல வந்த ஸ்விட்ச் 2வும் அப்படித்தான், எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் அதுக்கடுத்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸும் அப்படித்தான். இந்த மெஷின்களுக்கு பழசு புதுசுன்னு தனி செலவே பெருசா இல்லாததால டிமாண்ட் போதுமாங்கற கேள்வியே அவ்ளோ கனமா வராது. தனித்தனி ஸ்டோர் கட்டின பிஎஸ்3, 360, வீ யூ, 3டிஎஸ் தலைமுறைக்குத்தான் இந்த தலைவலி.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும், திறந்திருக்கற ஸ்டோர்ல எல்லாமே இருக்கும்னு அர்த்தம் இல்ல. அவுட்ரன் ஆன்லைன் ஆர்கேட்ங்கற கார் கேம் ஃபெராரி லைசன்ஸ் முடிஞ்சதும் போயிடுச்சு, ஸ்டோர் நல்லா ஓடிட்டு இருக்கறப்பவே. ஸ்காட் பில்கிரிம் கேம் 2014 டிசம்பர்ல காணாமப் போய் 2021 ஜனவரிலதான் திரும்ப வந்துச்சு.

## வழி 2: வாலட் மட்டும், பாதி ஷட்டர்

சோனி கடைசில வந்து நின்ன இடம் இது. 2021 மார்ச் கடைசில மூடப்போறதா அறிவிச்சு, ஏப்ரல் 19ம் தேதி ஜிம் ரயனே எழுதினார், நாங்க எடுத்தது தப்பான முடிவுன்னு, பிஎஸ்3யும் வீட்டாவும் திறந்தே இருக்கும்னு. பிஎஸ்பில நேரடியா வாங்குறது மட்டும் ஜூலைல நின்னுச்சு. மூணு வாரத்துல இவ்ளோ பெரிய கம்பெனி திரும்பினதுக்கு காரணம் விற்பனை எண்ணிக்கை இல்ல, ஜனங்க போட்ட சத்தம். இல்லன்னு சொல்லிட்டு இருந்த டிமாண்ட் மூடப்போறோம்னு சொன்ன அன்னைக்கு வெளிய வந்துச்சு.

ஆறு மாசம் கழிச்சு கார்டையும் பேபாலையும் எடுத்தாங்களே, அந்த நேரத்துல நிறைய பேர் திட்டினாங்க, பின்வாசல் வழியா மூடுறாங்கன்னு. எனக்கு அப்படித் தோணல. கார்ட் நம்பர் பழைய மெஷினைத் தொடவே தொடாதுன்னு ஆக்கிட்டா மேல சொன்ன பேமென்ட் தலைவலில பெரிய பங்கு போயிடுது. காசு புது மெஷின்லயோ போன்லயோ பாதுகாப்பா ஏறுது, பழைய மெஷின் வாலட் மீதியை மட்டும் பாக்குது. நாலு வழில இதுதான் செலவுக்கும் பயனுக்கும் நல்லா ஒத்துப்போற வழின்னு நான் நம்பறேன்.

மறைஞ்சிருக்கற செலவு வாங்குறவங்க தலைலதான் விழுது. வாலட்ல 1,000 ரூபா ஏத்தி 799க்கு வாங்கினா மீதி அங்கயே தங்கிடும். அனுபவம் மேல மேல மோசமாயிட்டே போகும், யாரும் புதுசா சரி பண்ணமாட்டாங்க. அதோட, வாசல் குறுகினதால விற்பனை குறையும், குறைஞ்ச விற்பனையை காட்டி "பாத்தீங்களா"ன்னு நாளைக்கு மூடுவாங்க. இந்த வழி எடுக்கற கம்பெனி குறைஞ்சபட்சம் வெப் ஸ்டோர்லயாவது அந்த கேமை காட்டி அங்கேயே வாங்க விடணும், அது இல்லாததுதான் சோனி ஏற்பாட்டுல எனக்கு இருக்கற பெரிய குறை.

நம்ம ஆளுங்களுக்கு இந்த வழி ரொம்ப முக்கியம், ஏன்னா பிஎஸ்3 கேமை புது மெஷின்ல ஆட சோனி குடுக்கற ஒரே பொதுவான வழி கிளவுட் ஸ்ட்ரீமிங். அது பிஎஸ் பிளஸ் பிரீமியம்ங்கற சந்தாவுல இருக்கு, 2022ல இந்தியாவுக்கு வந்தது பிரீமியம் இல்ல, ஸ்ட்ரீமிங் இல்லாத டீலக்ஸ். பிஎஸ்3 உள்ள இருக்கற செல்ங்கற ப்ராசஸரோட சிக்கலால பிஎஸ்5ல பிஎஸ்3 டிஸ்க்கும் ஓடாது. டோக்யோ ஜங்கிள் மாதிரி பிஎஸ்3க்கு மட்டுமே வந்த கேமை மதுரைல இருக்கற ஒருத்தர் முறைப்படி காசு குடுத்து வாங்கணும்னா பழைய மெஷினும் அந்த பழைய ஸ்டோரும்தான் கதி.

## வழி 3: விற்பனை கிடையாது, ரீடவுன்லோட் மட்டும்

நின்டெண்டோவோட வழி. வீ யூக்கு முந்தின வீ மெஷினோட ஸ்டோரான வீ ஷாப் சேனலை 2019 ஜனவரில மூடினாங்க, 3டிஎஸ், வீ யூ ஈஷாப்பை 2023 மார்ச் 27ல. ரெண்டாவது தடவை ஒரு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாங்க, கார்டை 2022 மே மாசத்துல நிறுத்தினாங்க, ஈஷாப் கார்டை ஆகஸ்ட்ல, அப்புறம் மொத்தமா. மூடுற முறை நல்லாவே இருந்துச்சு, அதை ஒத்துக்கணும். வாங்கினதை இறக்கலாம், பேட்ச் வரும், போகிமான்களை ஆன்லைன்ல சேமிச்சு வைக்கற போகிமான் பேங்க்கை இலவசமாவே ஆக்கினாங்க.

ஆனா கிட்டத்தட்ட ஆயிரம் டிஜிட்டல் ஒன்லி கேம் ஒரே நாள்ல சட்டப்படி வாங்க முடியாததா ஆச்சு. 3டிஎஸ் விற்பனை 7.5 கோடிக்கு மேல, வீ யூ 1.36 கோடி பக்கம். வீ யூவுக்கு டிமாண்ட் போதலன்னு சொன்னா ஒத்துக்கறேன். 3டிஎஸ்க்கு அப்படிச் சொல்ல மனசு வரல, 2020 செப்டம்பர் வரைக்கும் தயாரிச்சுட்டு இருந்த மெஷின் அது, ரெண்டரை வருஷத்துல கடை மூடிட்டாங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு டிமாண்டை ஒரே அறிவிப்புல மூடினதுதான் இங்க நடந்த அநியாயம்.

இந்த வழில பயப்பட வேண்டியது "ரீடவுன்லோட் எப்ப வரைக்கும்"ங்கறது. எந்த கம்பெனியும் தேதி சொல்றதில்ல. 2022 மார்ச்ல வீ ஷாப்பும் டிஎஸ்ஐங்கற இன்னொரு பழைய நின்டெண்டோ மெஷினோட ஷாப்பும் திடீர்னு ஓடல, மெயின்டனன்ஸ்னு சொன்னாங்க, ஜூலைலதான் திரும்ப வந்துச்சு. நாலு மாசம், வாங்கினவங்களுக்கு அவங்க கேம் இருக்கா போச்சான்னே தெரியாது. விற்பனை வருமானம் இல்லாத சர்வர் பழுதாச்சுன்னா சரி பண்ண அவசரம் எங்கேந்து வரும்? அதே நேரம் பேட்ச் சர்வர் எவ்ளோ முக்கியம்னு அதே வருஷ கடைசில தெரிஞ்சுச்சு. மாரியோ கார்ட் 7 உள்பட சில நின்டெண்டோ கேம்ல ஆன்லைன்ல கூட ஆடுறவரோட மெஷினையே கைப்பற்றுற அளவுக்கு ஓட்டை இருந்தது வெளிய வந்துச்சு, பத்து வருஷம் தொடாம கிடந்த மாரியோ கார்ட் 7க்கு 2022 டிசம்பர்ல பேட்ச் வந்துச்சு. அந்த பேட்ச் போய்ச் சேர்ற பாதை இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

இந்த வழி பொருந்துறது, விற்பனை உண்மையிலேயே வத்திப்போய், முக்கியமான கேம் எல்லாம் வேற இடத்துக்கு வந்தாச்சுங்கற மெஷினுக்கு. வீ யூ அதுக்கு நல்ல உதாரணம், அதோட பெரிய கேம்ல நிறைய ஸ்விட்ச்சுக்கு வந்துடுச்சு.

## வழி 4: மூடிட்டு கேமை புது மெஷினுக்கு கொண்டு போறது

மைக்ரோசாஃப்ட் பண்ணது. 2005ல வந்த 360ஓட ஸ்டோரை 2024 ஜூலை 29 அன்னிக்கு மூடினாங்க, ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடியே சொல்லி. ஆனா 2015லேந்தே நூத்துக்கணக்கான 360 கேமை எக்ஸ்பாக்ஸ் ஒன், அப்புறம் சீரிஸ்ல ஓட வச்சுட்டாங்க, பழைய டிஸ்க் இருந்தா புதுசா காசு கேக்கல, டிஜிட்டலா வாங்கினது அக்கவுண்ட்லயே வந்துடுச்சு. வாக்கு காப்பாத்தறதுன்னா இதுதான், நாலு வழில வாங்கினவங்களை மதிச்சது இதுதான்.

பணமும் உழைப்பும் இதுலதான் அதிகம். ஒவ்வொரு கேமையும் தனியா டெஸ்ட் பண்ணணும், ஒவ்வொரு பப்ளிஷர்கிட்டயும் அனுமதி வாங்கணும், மூடிப்போன ஸ்டுடியோன்னா உரிமை யார்கிட்டன்னே தேடணும், பாட்டு லைசன்ஸ், கார் லைசன்ஸ் எல்லாம் வேற. 2021 நவம்பர்ல கடைசியா 76 கேம் சேர்த்துட்டு, லைசன்ஸ், சட்டம், டெக்னிக்கல் காரணத்தால இதுக்கு மேல முடியாதுன்னு நிறுத்திட்டாங்க. அதனால 360 ஸ்டோர் மூடினப்போ 220 பக்கம் கேம் டிஜிட்டலா எங்கயும் கிடைக்காம போச்சு.

இதோட தம்பிதான் சந்தா முறை, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்ல பழைய கேம் லைப்ரரி குடுக்கறாங்களே அது. பாக்க நல்லாருக்கும், ஆனா 3டிஎஸ்லயும் வீ யூலயும் வெர்ச்சுவல் கன்சோல்னு அதே மாதிரி பழைய கேமை காசு குடுத்து வாங்கினவங்களுக்கு அங்க எந்த சலுகையும் இல்ல, சந்தா நிறுத்தினா கேமும் நின்னுடும். தனி ரீரிலீஸ் அதைவிட எவ்வளவோ மேல். ஏஸ் அட்டர்னி வரிசைல 3டிஎஸ்ல வெளிநாட்டுல டிஜிட்டலா மட்டும் வந்த ரெண்டு கேமை கேப்காம் 2024 ஜனவரில அப்போலோ ஜஸ்டிஸ் ட்ரைலஜில போட்டு எல்லா மெஷினுக்கும் குடுத்துட்டாங்க. இப்படி வந்துட்டா பழைய ஸ்டோர் மூடினதுல யாருக்கும் பெருசா வருத்தம் இருக்காது.

## பக்கத்துல பக்கத்துல வச்சா

| | முழுசா திறப்பு | வாலட் மட்டும் | ரீடவுன்லோட் மட்டும் | புது மெஷினுக்கு மாத்தல் |
|---|---|---|---|---|
| உதாரணம் | 2021 வரை பிஎஸ்3, வீட்டா | இப்போ பிஎஸ்3, வீட்டா | 3டிஎஸ், வீ யூ | 360 |
| கம்பெனி செலவு | அதிகம், வருஷா வருஷம் | நடுத்தரம் | கம்மி | முதல்ல ரொம்ப அதிகம், அப்புறம் கம்மி |
| புதுசா வாங்குறவங்க | சுலபம் | கஷ்டம், ஆனா முடியும் | முடியாது | மாத்தின கேம் மட்டும் |
| ஏற்கனவே வாங்கினவங்க | பாதுகாப்பு | பாதுகாப்பு | தேதி தெரியாத பாதுகாப்பு | ரொம்ப நல்லது |
| கார்ட்ரிட்ஜ், டிஸ்க் வச்சிருக்கறவங்க | டிஎல்சி கிடைக்கும் | டிஎல்சி கிடைக்கும் | பேட்ச் மட்டும் | லிஸ்ட்ல இருந்தா உண்டு |
| சின்ன டெவலப்பர் | வருமானம் உண்டு | கொஞ்சம் | இல்ல | பெரும்பாலும் விட்டுப்போவாங்க |

## அப்போ டிமாண்ட் போதுமா

முழுசா திறந்து வைக்க, போதாது. பதினஞ்சு இருபது வருஷ மெஷினுக்கு கார்ட் பேமென்ட்டை தாங்கிப் பிடின்னு கேக்கறது நியாயமில்ல. வாலட் மட்டும் முறைக்கு, பிஎஸ்3, 3டிஎஸ் மாதிரி கோடிக்கணக்குல வித்த மெஷின்னா தாராளமா போதும். 3டிஎஸ் ஈஷாப் இந்த முறைல இன்னைக்கும் ஓடிட்டு இருந்திருக்கலாம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ரீடவுன்லோட், பேட்ச் ரெண்டுக்கும் டிமாண்ட் கேள்வியே கேக்கக்கூடாது, அது ஏற்கனவே காசு வாங்கின வேலை.

கம்பெனிங்க கைவிட்டா வேற யாராவது பாத்துப்பாங்கன்னு இருக்கவும் முடியல. 2023 ஜூலைல வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வுல, 2010க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87% இப்போ விற்பனைலயே இல்லன்னு வந்துச்சு. லைப்ரரிகள் ஆராய்ச்சியாளர்களுக்கு தூரத்துலேந்து பழைய கேம் காட்ட அனுமதி கேட்டதை அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் 2024 அக்டோபர்ல மறுத்துடுச்சு. எமுலேட்டர் (ஒரு கன்சோல் கேமை கம்ப்யூட்டர்ல ஓட வைக்கற சாஃப்ட்வேர்) பக்கம் 2024 மார்ச்ல ஸ்விட்ச் எமுலேட்டரான யுசு 24 லட்சம் டாலருக்கு நின்டெண்டோவோட செட்டில் பண்ணி மூடினப்போ, அதே டீமோட 3டிஎஸ் எமுலேட்டர் சிட்ராவும் கூடவே போச்சு. நானும் விக்கமாட்டேன், மத்தவனும் வைக்கக்கூடாதுங்கற இந்த நிலைமைலதான் ஒரு கம்பெனி ஸ்டோரை மூடுது, அதனால மூடுற கம்பெனிக்கு பொறுப்பு கூடுதலாவே இருக்கு.

## கைல மெஷின் வச்சிருக்கறவங்க என்ன பண்ணலாம்

பிஎஸ்3, வீட்டா வச்சிருந்தா, வேற எந்த மெஷின்லயும் கிடைக்காத டிஜிட்டல் ஒன்லி கேமை முதல்ல வாங்குங்க, அப்புறம் கைல இருக்கற டிஸ்க்குக்கான டிஎல்சி. புது மெஷின்ல ரீமாஸ்டர் வந்த கேமுக்கு இங்க காசு போடாதீங்க, சுய்கோடென் 1ம் 2ம் 2025 மார்ச்ல ரீமாஸ்டரா வந்தாச்சு. வாலட்ல பெரிய தொகை ஏத்தி வைக்காதீங்க, வாங்குற அன்னிக்கு அந்த அளவு மட்டும். பிஎஸ்3ல சாதாரண 2.5 இன்ச் சாட்டா டிஸ்க்கே போடலாம்ங்கறதால பெருசா ஒண்ணு மாத்தி, வாங்கின எல்லாத்தையும் இறக்கி இன்ஸ்டால் பண்ணியே வச்சுக்கோங்க, மெஷினை ஆக்டிவேட்டும் பண்ணிடுங்க, அதுக்கு சோனி சர்வர் உயிரோட இருக்கணும். வீட்டாவுல அவங்களோட தனி மெமரி கார்ட்தான், அதிகபட்சம் 64 ஜிபி, விலையும் ஜாஸ்தி, அதனால அதுல எதை வைக்கணும்னு தேர்ந்தெடுத்துத்தான் ஆகணும்.

3டிஎஸ், வீ யூ இருந்தா முன்னாடி வாங்கின லிஸ்ட்டை திறந்து, இறக்காம விட்டது எல்லாத்தையும் இப்பவே இறக்குங்க, கார்ட்ரிட்ஜ் ஒவ்வொண்ணையும் போட்டு பேட்ச் ஏத்திடுங்க. 360 வச்சிருக்கறவங்க தங்களோட கேம் சீரிஸ் எஸ், எக்ஸ்ல ஓடுற லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க, இருந்தா பழைய மெஷினைப் பத்தி கவலை வேண்டாம், இல்லன்னா அந்த 360ஐ எக்காரணம் கொண்டும் எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடாதீங்க.